இரண்டு மலை, நடுவில் சூரியன்: பிள்ளைகளிடம் புதுமையை வளர்ப்பது பற்றிப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

மழலையர் வகுப்பிலும் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளிலுமாகப் பத்தொன்பது ஆண்டுகளாகப் பாடம் எடுத்து வருகிறேன். பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு கதவருகே தயங்கி நின்று சிலர் கேட்கும் கேள்விகள் உண்டு. ஆண்டுதோறும் முகங்கள் மாறுகின்றன, கேள்விகள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இயன்றவரை இங்கே தொகுத்திருக்கிறேன்.

என் மகள் எந்தத் தாளைக் கொடுத்தாலும் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓர் ஆறு, ஒரு தென்னை மரம், இதையேதான் வரைகிறாள். அவளுக்குக் கற்பனையே கிடையாதா?

நிறைய இருக்கிறது. அந்தப் படம் உங்கள் மகளுடையது மட்டுமில்லை. ஜூன் மாதம் புதிதாக வரும் முப்பது பிள்ளைகளில் பாதிக்கு மேல் அதைத்தான் வரைவார்கள். முக்கோணமாக இரண்டு மலை, குச்சி குச்சியாகக் கதிர் நீட்டிய அரைச் சூரியன், வானத்தில் பறவைகளுக்குப் பதிலாக நான்கைந்து ‘டிக்’ குறிகள், கரையில் வளைந்த தென்னை, பக்கத்தில் ஓட்டு வீடு. மலையையே நேரில் பார்த்திராத பிள்ளையும் இதை வரைகிறது. மாடி வீட்டில் குடியிருக்கும் பிள்ளையும் ஓட்டு வீடுதான் வரைகிறது.

அவள் முதன்முதலாக அதை வரைந்த நாளை நினைத்துப் பாருங்கள். வீடே மகிழ்ந்திருக்கும். அடுத்த வாரம் சித்தி வந்தபோது, “அந்த மலைப் படத்தை வரைந்து காட்டு” என்று நீங்களே சொல்லியிருப்பீர்கள். சித்தி கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சியிருப்பார். இதை வரைந்தால் எல்லோருக்கும் பிடிக்கும் என்று பிள்ளை கற்றுக்கொண்டது. அது சரியான பாடம்தான், பிள்ளை நன்றாகவே கற்றிருக்கிறது. அதற்குக் கிடைத்த பாராட்டு எல்லாம் ஒரே படத்தின் மேல் விழுந்துவிட்டது, அவ்வளவுதான்.

வலுவூட்டல் என்று அடிக்கடி சொல்கிறீர்களே, பரிசு கொடுப்பதைத்தான் சொல்கிறீர்களா?

பரிசு அதில் ஒரு வகை. ஒரு செயலைத் தொடர்ந்து ஏதோ ஒன்று நடக்கிறது, அதன் விளைவாக அந்தச் செயல் பிறகு கூடுகிறது. அப்படி நடந்தால் அது வலுவூட்டல். அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் இந்தக் கருத்தை விரிவாக வளர்த்தெடுத்தார். மிட்டாய் கொடுத்தும் செயல் கூடவில்லையென்றால் அந்த மிட்டாய் வலுவூட்டவில்லை என்றுதான் பொருள். நீங்கள் கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்ததே ஒரு பிள்ளைக்குப் போதுமானதாக இருக்கலாம்.

திட்டுவதும் சில வேளை வலுவூட்டிவிடும். நாள் முழுவதும் யாரும் கவனிக்காத பிள்ளை, தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டதும் வீடே ஓடி வருகிறது என்றால், செம்பு நாளைக்கும் விழும்.

இது லஞ்சம் கொடுத்துப் பழக்குவது மாதிரி இல்லையா?

லஞ்சம் முன்கூட்டியே பேசப்படும் பேரம். “இதை வரைந்தால் ஐஸ்கிரீம்” என்பது அந்த வகை. நான் சொல்வது, பிள்ளை தானாகச் செய்துவிட்ட ஒரு புதிய காரியத்தை நீங்கள் கண்டுகொண்டு, கண்டதைச் சொல்வது. இரண்டுக்கும் பலன் எப்படி வேறுபடுகிறது என்பதைப் பரிசு பற்றிய கேள்வியில் பார்க்கலாம்.

கற்பனை வளம் பிறவியில் வருவதுதானே? பாராட்டினால் வந்துவிடுமா?

பிள்ளைக்குப் பிள்ளை வேறுபாடு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரே பிள்ளையிடம் அது கூடுவதும் குறைவதும் நம் கையிலும் இருக்கிறது. இதை மிக எளிமையாகக் காட்டிய ஆய்வு ஒன்று 1973இல் வெளிவந்தது. அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் கோட்ஸ், டொனால்ட் பேயர் என்ற இருவர் செய்தது. மழலையர் பள்ளியில் படித்த மூன்று சிறுமிகள். விளையாட மரக்கட்டைகள். ஆசிரியை பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அன்றைய ஆட்டத்தில் அதுவரை கட்டாத ஒரு வடிவத்தைச் சிறுமி கட்டியதும், அது வித்தியாசமாக இருக்கிறது என்று மனம் நிறைந்து சொல்வார். கட்டியதையே மறுபடி கட்டினால் எதுவும் சொல்ல மாட்டார்.

வடிவங்களின் வகை கூடியது. அந்தச் சிறுமிகள் அதற்கு முன்பு ஒருநாளும் கட்டியிராத வடிவங்களும் வந்தன. பிறகு ஆசிரியை முறையைத் திருப்பிப் போட்டார். பழைய வடிவத்தைத் திரும்பக் கட்டினால் மட்டும் பாராட்டு. வகை சுருங்கிப்போனது. மறுபடி புதுமையைப் பாராட்டியதும் மறுபடி பெருகியது. அதே சிறுமிகள், அதே கட்டைகள், அதே ஆசிரியை. மாறியது பாராட்டு விழுந்த இடம் மட்டும். இதைப் படித்த அன்று என் வகுப்பில் நான் எத்தனை மலைப் படங்களுக்கு நட்சத்திரம் போட்டிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். அன்றிலிருந்து நட்சத்திரம் போடும் முறையை மாற்றிக்கொண்டேன்.

நாங்கள் ‘சூப்பர்’, ‘வெரி குட்’ என்று எப்போதும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். அது போதாதா?

போதாது. ‘சூப்பர்’ என்ற சொல்லுக்கு முகவரி இல்லை. எதற்குச் சொன்னீர்கள் என்று பிள்ளைக்குத் தெரியாது. மலைக்கா, தாள் கிழியாமல் வரைந்ததற்கா, சீக்கிரம் முடித்ததற்கா? மேலே சொன்ன கோட்ஸ் 1972இல் இன்னொருவருடன் சேர்ந்து, பிள்ளைகள் தூரிகையால் வரையும்போது இதைச் சோதித்தார். பொதுவாகப் பாராட்டுவதைவிட, எது புதிது என்று குறிப்பிட்டுப் பாராட்டும்போது படங்களில் வடிவங்களின் வகை கூடுதலாக இருந்தது.

அதனால் கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள். “நேற்று எல்லாக் கட்டைகளையும் மேலே மேலே அடுக்கினாய். இன்று நடுவில் வழி விட்டிருக்கிறாயே!” “இந்த மரத்தில் காற்று அடிக்கிறது, இலை எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது.” “சூரியனைத் தாளின் மூலையில் வைத்திருக்கிறாய், இதுவரை நடுவில்தான் வைப்பாய்.” இப்படிச் சொல்ல நீங்கள் படத்தை உண்மையாகவே பார்த்தாக வேண்டும், நேற்றையதும் நினைவில் இருக்க வேண்டும். சமையலுக்கு நடுவே இது கடினம் என்பது தெரியும். பத்துத் தடவை ‘சூப்பர்’ சொல்வதற்குப் பதில் ஒரு தடவை இப்படிச் சொன்னால் போதும்.

‘நீ கெட்டிக்காரன்’ என்று தாத்தா, பாட்டி எப்போதும் புகழ்கிறார்கள். அது நல்லதுதானே?

அன்பு நல்லது. அந்தச் சொல்லில்தான் சிக்கல். 1998இல் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் இருவரும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், அறிவுக்காகப் புகழப்பட்ட பிள்ளைகள் அடுத்த முறை எளிதாகச் செய்யக்கூடியதையே தேடிப்போனார்கள். முயற்சிக்காகப் புகழப்பட்ட பிள்ளைகளோ கற்றுக்கொள்ள இடமிருக்கும் கடினமானதைத் தேர்ந்தெடுத்தார்கள். கெட்டிக்காரன் என்ற பெயரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய பிள்ளை தெரிந்ததைத்தான் செய்யும், தெரிந்தது மலைப் படம். பெரியவர்களைத் திருத்தப் போக வேண்டாம். “தாத்தா, இன்று இவன் புதிதாக என்ன செய்திருக்கிறான் என்று கண்டுபிடியுங்கள்” என்று விளையாட்டாக அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். கண்டுபிடிப்பதில் அவர்கள் நம்மைவிட வல்லவர்கள், பொறுமையும் அதிகம்.

பரிசு கொடுத்தால் இருக்கிற ஆர்வமும் போய்விடும் என்று படித்தேன். உண்மையா?

உண்மையும் உண்டு, மிகைப்படுத்தலும் உண்டு. 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மழலையர் பள்ளியில் 51 பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். எல்லோருமே ஸ்கெட்ச் பேனாவால் வரைவதை விரும்பியவர்கள். ஒரு பிரிவினரிடம் வரைந்தால் தங்க நட்சத்திரமும் நாடாவும் வைத்த சான்றிதழ் கிடைக்கும் என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு பிரிவினருக்கு வரைந்த பிறகு, எதிர்பாராமல் அதே சான்றிதழ் கிடைத்தது. மூன்றாம் பிரிவினருக்கு ஒன்றும் இல்லை. பின்னர் பிள்ளைகளைத் தம் விருப்பப்படி விளையாட விட்டபோது, பேரம் பேசி வரைந்தவர்கள் மட்டும் மற்றவர்கள் பேனாவோடு செலவிட்ட நேரத்தில் பாதியளவே செலவிட்டார்கள். எதிர்பாராத பரிசு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. லஞ்சத்துக்கும் வலுவூட்டலுக்கும் மேலே நான் சொன்ன வேறுபாடு இதுதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. அந்த ஆய்வில் வரைந்தாலே சான்றிதழ், புதிதாக வரைய வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ராபர்ட் ஐசன்பர்கர் 1990களில் செய்த ஆய்வுகளில், பலவிதமாக யோசித்ததற்கு என்றே சிறிய பரிசு பெற்ற பிள்ளைகள் அடுத்து வந்த வேறு வேலையிலும் கூடுதல் புதுமை காட்டினார்கள். எளிய, வழக்கமான விடைக்கே அதே பரிசைப் பெற்றவர்களிடம் புதுமை குறைந்தது. பெரிய பரிசைக் கண்முன் வைத்தபோது நல்ல பலன் காணாமல் போனது. சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்று சொல்லி ஓவியம் வரையச் சொல்லாதீர்கள். என் அனுபவத்தில் சொல் போதும். பொருளாகவே கொடுக்க வேண்டுமானால் இன்னொரு வண்ணப் பென்சில் கொடுங்கள்.

‘வேறு மாதிரி வரை’ என்று நேராகச் சொல்லிவிட்டால் என்ன?

சொல்லலாம், தவறே இல்லை. பல பிள்ளைகளுக்குப் புதிதாகச் செய்வது அனுமதிக்கப்பட்டது என்பதே தெரியாது. ஆனால் சொல்லிவிட்டு, பிள்ளை தென்னைக்குப் பதிலாக ஊதா நிறத்தில் ஏதோ ஒன்றை வரைந்ததும், “இது என்ன, மரமா பூதமா?” என்று கேட்டீர்களானால் சொன்ன சொல் செல்லாது. பிள்ளை உங்கள் கட்டளையைவிட உங்கள் முகத்தைத்தான் நம்பும்.

ஒவ்வொரு முறையும் புதிது வேண்டும் என்றால் பிஞ்சு எங்கே போகும்? சலித்து அழுதுவிடாதா?

நம் வீட்டு வாசலிலேயே இதற்கு விடை இருக்கிறது. மார்கழியில் கோலம் போடும் பெண்கள் நேற்றுப் போட்ட கோலத்தை இன்று போட மாட்டார்கள். கோல நோட்டைப் புரட்டி வேறு ஒன்றை எடுப்பார்கள், அல்லது பழைய புள்ளிக் கணக்கிலேயே கோட்டை வேறு விதமாக வளைப்பார்கள். உலகத்தில் யாருமே போடாத கோலம் வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. நேற்றையதிலிருந்து வேறாக இருந்தால் போதும். பிள்ளைக்கும் அந்த அளவில்தான் தொடங்க வேண்டும். முந்தையதிலிருந்து மாறியிருந்தால் பாராட்டு. அது கைவந்த பிறகு கடைசி இரண்டிலிருந்து, பிறகு கடைசி மூன்றிலிருந்து. நடத்தை ஆய்வாளர்களும் இந்த ‘முந்தைய இத்தனையிலிருந்து மாறினால்’ என்ற கணக்கைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

எவ்வளவு தூரம் போகலாம் என்பதை 1985இல் சுசான் பேஜ், ஆலன் நியூரிங்கர் இருவரும் புறாக்களிடம் காட்டினார்கள். இரண்டு பொத்தான்கள், எட்டுக் கொத்து சேர்ந்தால் ஒரு வரிசை. இடம், வலம் என்று 256 விதமாகக் கொத்தலாம். முந்தைய 50 வரிசைகளில் எதுவாகவும் இல்லாத வரிசைக்கு மட்டும் தீனி. புறாக்கள் அதையும் செய்தன. அதே அளவு தீனியை, மாற்றிக் கொத்தினாலும் கொத்தாவிட்டாலும் கொடுத்தபோது அந்த வகை சுருங்கிவிட்டது. ‘சூப்பர்’ என்ற சொல் ஏன் போதாது என்பதற்கு இது இன்னொரு காரணம். எதைச் செய்தாலும் கிடைப்பது எதையும் வளர்ப்பதில்லை.

சலிப்பு வரத்தான் செய்யும். ஹவாய்த் தீவில் கேரன் பிரையர் என்ற பயிற்சியாளர் 1960களில் ஓங்கில்களுக்கு (டால்பின்களுக்கு) புதிய அசைவுகளுக்கு மட்டும் மீன் கொடுத்துப் பழக்கினார். முதலில் ஓங்கில் பழைய வித்தையையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தது. பல நாட்களுக்குப் பிறகு திடீரென்று யாரும் கற்றுத்தராத அசைவுகள் வரிசையாக வந்தன. பழையது பலிக்காதபோதுதான் உயிர்கள் வேறொன்றைச் செய்து பார்க்கின்றன. ஆனால் அழுகை வரும்வரை பிள்ளையைக் காக்க வைக்கக் கூடாது. முகம் சுருங்கத் தொடங்கினால் எல்லையை இறக்குங்கள். ஒரு வண்ணம் மாறியிருந்தாலும் அதைச் சொல்லுங்கள்.

வரைவது தவிர வேறு எதில் இதைச் செய்யலாம்? எனக்கு ஓவியம் வராது.

கதையில் செய்யுங்கள், அதற்குக் காசும் வேண்டாம், தாளும் வேண்டாம். பாட்டி வடை சுட்ட கதையை நான் மாதம் ஒருமுறை சொல்வேன். காகம் மரத்தில் உட்கார்ந்ததும் நிறுத்திவிட்டு, “இனி என்ன நடந்தது?” என்று கேட்பேன். முதல் நாள் முப்பது வாயும் ஒன்றாக, “நரி பாடச் சொன்னது!” என்று கத்தும். நான் தலையை மட்டும் ஆட்டுவேன். யாராவது ஒருவர் மாற்றிச் சொன்னதும் அதை அப்படியே கரும்பலகையில் எழுதுவேன். எழுதுவதுதான் என் பாராட்டு. அதற்குள் சொல்லப்பட்டதைத் திரும்பச் சொன்னால், “அது பலகையில் இருக்கிறது” என்பேன், கோபம் இல்லாமல்.

ஒருமுறை வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் எழுந்து, “நரிக்கு வடை கிடைத்தது, ஆனால் அது மெதுவடை, நடுவில் ஓட்டை. பாதி ஏமாந்துவிட்டது” என்றான். பலகையில் எழுதினேன். அவன் தன் வரி இருந்த இடத்தையே மதியம் வரை பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த வாரம் அவனாகவே கை தூக்கினான்.

சோறு பிசையும்போது, “ஒரு தேங்காய்ச் சிரட்டையை வைத்து என்னென்ன செய்யலாம்?” என்று கேட்கலாம். அகப்பை, அளக்கும் படி, பொம்மைக்குத் தொப்பி, எறும்புக்குக் குளம். 1976இல் ஜான் குளோவர், ஏ. எல். கேரி இருவரும் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இப்படிப் பொருள்களுக்குப் பயன் சொல்லச் சொல்லி, எண்ணிக்கை, வகை, விரிவு, புதுமை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் புள்ளி கொடுத்தார்கள். எதற்குப் புள்ளி கொடுத்தார்களோ அது கூடியது.

அப்படியானால் எதைச் செய்தாலும் புதுமை என்று பாராட்ட வேண்டுமா? என் பையன் சுவர் முழுக்கக் கிறுக்கி வைத்திருக்கிறான்.

வேண்டாம். கோலத்தில் புள்ளிக் கணக்கு இருக்கிறது, அதற்குள்தான் கோடு வளைகிறது. சுவர் கூடாது, தாள் உண்டு. தம்பியின் தலை கூடாது, களிமண் உண்டு. இந்த எல்லையைத் தெளிவாகச் சொல்லி, எல்லைக்குள் கை நிறைய இடம் கொடுங்கள். பழைய நாள்காட்டித் தாள்களின் பின்புறம் பெரியது, வழவழப்பானது. கதவின் உட்புறத்தில் ஒட்டிவிட்டால் சுவரில் வரையும் ஆசை பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். சுவரில் வரைந்தால் கூச்சலிடாமல் ஈரத்துணியைக் கொடுத்துத் துடைக்கச் சொல்லுங்கள். கூச்சல் எப்படி வேலை செய்யும் என்பதற்குத் தண்ணீர்ச் செம்பை நினைவில் வையுங்கள்.

அக்காவைப் பாராட்டினால் தம்பியின் முகம் வாடுகிறது. இருவரையும் ஒரே மாதிரி பாராட்டுவதா?

ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடாதீர்கள். ஒப்பிட வேண்டியது அவரவர் நேற்றைய வேலையோடு. அக்கா வரைந்த யானைக்குப் பக்கத்தில் தம்பியின் வட்டம் எடுபடாது. ஆனால் நேற்று அவன் வட்டத்தை மூடாமல் விட்டான், இன்று மூடி உள்ளே இரண்டு கண் வைத்திருக்கிறான். அதைச் சொல்லுங்கள். அக்காவைப் பார்த்து அப்படியே வரைந்தாலும் குறை சொல்ல வேண்டாம், அவனுக்கு அது புதிதுதான்.

ஓவியப் போட்டிக்கு அனுப்பலாமா? வகுப்பில் பயிற்சி கொடுத்துப் பரிசு வாங்க வைக்கிறார்கள்.

இந்தக் கேள்வி எனக்கு மன வருத்தம் தருவது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பல இடங்களில் போட்டிக்கு முன் ஒரு மாதம் ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப வரைய வைக்கிறார்கள். மரம் நடுவோம், போக்குவரத்து விதி, பொங்கல் விழா. எந்தத் தலைப்பு வந்தாலும் பொருந்தும்படி இரண்டு மூன்று படங்கள் தயாராக இருக்கும். போட்டி நாளில் பிள்ளை அதை வரைந்து கோப்பை வாங்கிவரும். என் வகுப்புச் சிறுமி ஒருத்தி அப்படி நான்கு கோப்பைகள் வாங்கினாள். ஒருநாள், “உங்கள் வீட்டு நாய்க்குட்டியை வரை” என்றேன். “அது இன்னும் சொல்லித்தரவில்லையே, டீச்சர்” என்றாள். நாய்க்குட்டி அவள் மடியில் உறங்குவதாக அதற்கு முந்தின நாள்தான் சொல்லியிருந்தாள்.

பாரி ஸ்வார்ட்ஸ் என்ற உளவியலாளர் 1982இல் கல்லூரி மாணவர்களிடமே இதைப் பார்த்தார். ஒரு விளையாட்டில் பல வழிகள் இருந்தன, எந்த வழியில் போனாலும் பரிசு. ஆனால் பரிசு கிடைக்கக் கிடைக்க ஒவ்வொருவரும் ஒரே வழியில் நிலைத்துவிட்டார்கள். பிறகு அந்த விளையாட்டின் விதியைக் கண்டுபிடிக்கச் சொன்னபோது, பரிசுக்குப் பழகியவர்கள் புதிதாக வந்தவர்களைவிடத் தடுமாறினார்கள். பலித்த ஒன்றை விட்டு வெளியே வருவது பெரியவர்களுக்கே கடினமாக இருக்கிறது.

அனுப்புங்கள், தடை இல்லை. வேறு பிள்ளைகளின் படங்களைப் பார்ப்பதே ஒரு கல்வி. ஆனால் போட்டிப் படத்தை வீட்டில் பயிற்சி செய்ய வைக்காதீர்கள். திரும்பி வந்ததும், “பரிசு கிடைத்ததா?” என்று முதலில் கேட்காதீர்கள். “என்ன வரைந்தாய்?” என்று கேளுங்கள்.

மேல் வகுப்பில் புத்தகத்தில் உள்ளபடி எழுதினால்தான் மதிப்பெண். புதுமை புதுமை என்று பழக்கினால் விடைத்தாளிலும் கதை எழுதி வைத்துவிட மாட்டானா?

மாட்டான். எங்கே மாற்றலாம், எங்கே மாற்றக்கூடாது என்பதைப் பிள்ளைகள் வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும் பிள்ளை விளையாட்டுத் திடலில் கழற்றுவதில்லை. மேலே சொன்ன புறாக்களே ஒரு நிற விளக்கு எரிந்தால் மாற்றி மாற்றியும், வேறு நிறம் எரிந்தால் குறிப்பிட்ட ஒரே வரிசையிலும் கொத்தக் கற்றுக்கொண்டன. இடம் தெளிவாகத் தெரிந்தால் போதும். நான் இரண்டு நோட்டு வைத்துக்கொள்ளச் சொல்வேன். கோடு போட்டது பாடத்துக்கு. கோடு போடாதது மனத்துக்கு, அதில் சிவப்பு மையே படாது.

வாய்ப்பாட்டிலும் எழுத்துக் கூட்டுவதிலும் புதுமை வேண்டாம். ஏழெட்டு ஐம்பத்தாறுதான். ஆனால் கட்டுரையில் வேண்டும். ‘நான் பிரதமரானால்’ என்று எழுதச் சொன்னால் வகுப்பே ஒரே முன்னுரையோடு தொடங்குவது நல்லதல்ல. 1973இல் கே. பி. மலோனி, பி. எல். ஹாப்கின்ஸ் இருவரும் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் வெவ்வேறு பெயரடை, வெவ்வேறு வினைச்சொல், வாக்கியத்துக்கு வாக்கியம் வேறு தொடக்கம் ஆகியவற்றுக்குப் புள்ளி கொடுத்தார்கள். அந்தக் கதைகளைப் படித்தவர்கள் அவற்றில் படைப்புத்திறன் கூடியிருப்பதாகக் கருதினார்கள். வீட்டில் இதைச் செய்து பார்க்கலாம்: ஒரே சொல்லில் தொடங்கும் வாக்கியங்களுக்கு அடியில் பிள்ளையையே கோடு போடச் சொல்லுங்கள். மாற்றச் சொல்ல வேண்டியதே இருக்காது.

இப்போது ஒவ்வொரு கோட்டுக்கும் ‘அம்மா பார், அம்மா பார்’ என்கிறான். பாராட்டு இல்லாமல் எதையும் செய்ய மாட்டான் போலிருக்கிறதே?

அது முதல் சில வாரங்களில் வரும். தொடக்கத்தில் அடிக்கடி சொல்லுங்கள், பிறகு இடைவெளி விடுங்கள். எப்போதாவது, எதிர்பாராமல் கிடைக்கும் பாராட்டால் வளர்ந்த பழக்கம், ஒவ்வொரு முறையும் கிடைத்ததால் வளர்ந்ததைவிட நீண்ட நாள் நிற்கும். “முடித்துவிட்டுக் கூப்பிடு, இரண்டும் சேர்த்துப் பார்க்கிறேன்” என்று சொல்லுங்கள், சொன்னபடி போய்ப் பாருங்கள். கொஞ்ச நாளில், “இதில் நீ புதிதாக என்ன செய்தாய்?” என்று அவனிடமே கேட்டுவிடுங்கள். தன் வேலையைத் தானே பார்த்துச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு உங்கள் கண் அவ்வளவாகத் தேவைப்படாது.

என் மகனுக்கு ஆட்டிசம் இருக்கிறது. எதைக் கேட்டாலும் ஒரே பதில், விளையாட்டும் ஒரே மாதிரி. அவனுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும் என்று காட்டிய ஆய்வுகள் உண்டு. 2000இல் நான்சி மில்லரும் முன்பு சொன்ன நியூரிங்கரும், ஆட்டிசம் உள்ள வளரிளம் பருவத்தினர் கணினி விளையாட்டில் மாற்றி மாற்றி ஆடியதற்கு வலுவூட்டியபோது அவர்களிடமும் வகை கூடியதைக் கண்டார்கள். 2002இல் ரொனால்ட் லீ உள்ளிட்ட மூவர், கேள்விக்கு முந்தைய பதிலிலிருந்து மாறுபட்ட, பொருத்தமான பதில் சொன்னால் மட்டும் வலுவூட்டும் முறையைக் கையாண்டார்கள். பயிற்சி பெற்ற மூன்று பேரில் இருவரிடம் நல்ல பலன் இருந்தது. கோலக் கேள்வியில் சொன்ன அதே ‘நேற்றையதிலிருந்து மாறினால்’ கணக்குதான் இது.

ஆனால் நீங்களாகத் தொடங்காமல் அவனுக்குப் பயிற்சி தரும் சிறப்பு ஆசிரியரிடமோ சிகிச்சையாளரிடமோ பேசிவிட்டுச் செய்யுங்கள். ஒரே மாதிரி செய்வது சில பிள்ளைகளுக்கு மனத்தை அமைதிப்படுத்தும் வழி. கார்களை வரிசையாக அடுக்கும்போது அவன் நிம்மதியாக இருக்கிறான் என்றால் அதைப் பறிக்க வேண்டாம். பேச்சிலோ விளையாட்டிலோ ஒரு சிறு மூலையில் மட்டும் தொடங்குங்கள்.

வரைவதில் வந்த மாற்றம் மற்றவற்றிலும் தானாக வருமா?

பக்கத்தில் உள்ளதற்குப் பரவும், தூரத்தில் உள்ளதற்குத் தயங்கும். 1977இல் கோட்ஸும் பேயரும் இன்னொருவரும் சேர்ந்து பார்த்தபோது, ஒருவகைப் படத்தில் பழகியது அதைப் போன்ற இன்னொரு வகைப் படத்துக்குப் பரவியது. முற்றிலும் வேறான விளையாட்டுக்கு அவ்வளவாகப் பரவவில்லை. ஐசன்பர்கரின் பிள்ளைகளிடமோ, சொல் விளையாட்டில் பெற்றது படத்துக்கும் போனது. அதனால் ஒன்றில் மட்டும் செய்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். படம், கதை, கட்டை, சிரட்டை என்று மூன்று நான்கு இடத்தில் செய்யுங்கள்.

பலன் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

படங்களின் பின்னால் தேதி எழுதி ஓர் அட்டைக் கோப்பில் வையுங்கள். மாதக் கடைசியில் தரையில் வரிசையாகப் பரப்பிவிட்டு, இதற்கு முன் வராத பொருள், வராத வண்ணம், வராத இடம் எத்தனை என்று எண்ணுங்கள். அழகு பார்க்க வேண்டாம், எண்ணினால் போதும். நான்கு கோப்பை வாங்கிய அந்தச் சிறுமியின் படங்களை அப்படிப் பரப்பிப் பார்த்தேன். முதல் பத்தொன்பது தாளிலும் மலை. இருபதாவதில் மலை இருந்தது, அதன் அடிவாரத்தில் ஒரு வால் மட்டும் எட்டிப் பார்த்தது. நாய்க்குட்டி மலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது என்றாள்.

இரண்டு மாதம் ஆகியும் எண்ணிக்கை அசையவில்லை என்றால் பிள்ளையை விட்டுவிட்டு வீட்டாரைக் கவனியுங்கள். ஒரு மாலை முழுவதும் யார், எப்போது, எதற்காகப் பிள்ளையைப் புகழ்கிறார்கள் என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். தாளைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டால் மற்றவர்களும் எழுதுவார்கள். சத்தம் போடாமல் இருந்ததற்கு, சீக்கிரம் சாப்பிட்டதற்கு, சட்டை அழுக்காகாமல் வந்ததற்கு என்று வரிசை நீளும். புதிதாக ஒன்றைச் செய்ததற்கு என்று அதில் ஒரு வரியும் இல்லாவிட்டால் மறுநாள் அங்கிருந்து தொடங்குங்கள்.